திமிங்கிலத்தின் நீளம் நாலு காம்பரா

"அதுதான் படமாகவே வந்துவிட்டதே, போனில் போட்டுக் காட்டினால் போதாதா? புத்தகத்துக்கு எதற்கு இவ்வளவு காசு?" முன்பள்ளிப் பெற்றார் கூட்டங்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடுவதில்லை. கேள்வியில் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டில் அச்சான ஒரு படக்கதைப் புத்தகத்தின் விலை, மலையில் ஒரு நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து எடுத்தாலும் கையில் சேராத தொகை. இருபது பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் வாங்கினாலும் கைக்குக் கை மாறி மூன்று மாதத்தில் தாள் கழன்றுவிடும். போனிலோ அதே கதை அசைகிறது, பேசுகிறது, பாடுகிறது. இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "வாசிப்புப் பழக்கம் நல்லது" என்பது. அது பதிலே அல்ல. கேட்டவர் வாயை அடைக்கும் வழி. உண்மையான பதில் வேண்டுமென்றால் புத்தகத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு நல்ல இணை ஒன்று இருக்கிறது. ஜூலியா டொனால்ட்சன் எழுதி, அக்ஸல் ஷெஃப்லர் வரைந்து, 2003இல் வந்த 'த ஸ்னெய்ல் அண்ட் த வேல்'. உலகம் சுற்ற ஆசைப்படும் ஒரு நத்தை, அதைத் தன் வாலில் ஏற்றிக்கொண்டு போகும் ஒரு கூனல்முதுகுத் திமிங்கிலம், இவர்கள் இருவரின் கதை. இதை லண்டனின் மேஜிக் லைட் பிக்சர்ஸ் நிறுவனம் தொலைக்காட்சிப் படமாக்கியது. மேக்ஸ் லேங், டேனியல் ஸ்னாடன் இருவரும் இயக்கினார்கள். அசைவூட்ட வேலை கேப் டவுனில் உள்ள ட்ரிகர்ஃபிஷ் கலையகத்தில் நடந்தது. 2019 கிறிஸ்மஸ் அன்று பிபிசியில் ஒளிபரப்பானது. நத்தைக்கு சாலி ஹாக்கின்ஸ், திமிங்கிலத்துக்கு ராப் பிரைடன், கதை சொல்லும் குரல் டயானா ரிக். மோசமான படமாக இருந்தால் "புத்தகமே மேல்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். இது நல்ல படம். அதனால்தான் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

பத்து நிமிடமும் இருபத்தேழு நிமிடமும்

படக்கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். காரணம் அச்சகத்தில் இருக்கிறது. பெரிய தாளின் ஒரு பக்கத்துக்கு எட்டு, மறுபக்கத்துக்கு எட்டு என அச்சடித்து மடித்தால் 16 பக்கம் கிடைக்கும். அப்படி இரண்டு மடிப்பு. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், சமர்ப்பணம் இவற்றைக் கழித்தால் கதைக்கு மிஞ்சுவது பதின்மூன்று பதினான்கு இரட்டைப்பக்கங்கள். அதற்குள் ஒரு கதை தொடங்கி, ஆபத்தில் மாட்டி, தப்பி, வீடு திரும்ப வேண்டும். எனவே எழுதுபவர் வரியை எண்ணுகிறவர் என்பதைவிட, தாள் எத்தனை முறை திருப்பப்படும் என்று எண்ணுகிறவர் என்பதே சரி. எங்கே நிறுத்தினால் பிள்ளை அடுத்த தாளைத் திருப்பக் கை நீட்டும் என்பதில்தான் அவருடைய திறமை முழுவதும் இருக்கிறது.

இந்தப் புத்தகத்தை நிதானமாகச் சத்தமாக வாசித்தால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். படம் 27 நிமிடம். கதையை மாற்றாமல் படம் இவ்வளவு நேரத்தை நிரப்பியிருக்கிறது என்றால் மிச்ச நேரத்தில் என்ன நடக்கிறது? பார்த்தல் நடக்கிறது. பனிமலை, எரிமலை, பவளப்பாறை, சுறா, மின்னல் என்று புத்தகத்தில் அரை வரியில் போவதெல்லாம் படத்தில் இசையோடு நீண்ட பயணமாக விரிகிறது. புத்தகத்திலும் இந்தப் பார்த்தல் உண்டு. ஆனால் அது வாசிக்கும் நேரக் கணக்கில் சேராது, ஏனென்றால் அதைச் செய்வது பிள்ளை. கடல் வரும் தாள்களில் பிள்ளையின் விரல் முதலில் தேடுவது நத்தையைத்தான். இவ்வளவு பெரிய வாலில் அது எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது? கண்டுபிடித்த பிறகுதான் மற்றதெல்லாம். சில பிள்ளைகள் ஒரு தாளிலேயே இரண்டு நிமிடம் நிற்பார்கள், சிலர் ஐந்து செக்கனில் திருப்பச் சொல்வார்கள். படத்தில் இந்தத் தேடலைக் கமெரா செய்துவிடுகிறது. கிட்டப் போய் நத்தையைக் காட்டும், பிறகு விலகிக் கடலைக் காட்டும். செக்கனுக்கு 25 சட்டகம் என்று வைத்தால் 27 நிமிடத்தில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றுகூடப் பிள்ளை கேட்டு நிற்காது.

படத்துக்கு உரிய பெருமையையும் சொல்லிவிட வேண்டும். இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ பசறையிலோ பிறந்து, கடலை ஒருமுறைகூடப் பார்க்காத நாலு வயதுப் பிள்ளைக்கு, அலை எப்படி எழுந்து விழும், அதன் சத்தம் என்ன என்று எந்த ஓவியமும் சொல்லித் தராது. ஷெஃப்லரின் கடல் மைக்கோடும் நீர்வண்ணமும் கொண்டு வரைந்த கடல், அழகானது, அசையாதது. திமிங்கிலம் மூச்சு விடும்போது எழும் நீர்ப்புகை, வால் தண்ணீரில் விழும் கனம், இவற்றைப் படத்தில்தான் உணர முடியும். இதைப் புத்தகப் பிரியர்கள் ஒத்துக்கொள்ள மறுப்பது எனக்கு எரிச்சலூட்டும் விசயம்.

தண்ணீர் வற்றும் தாள்

கதையின் திருப்பம் கடற்கரையில் வருகிறது. பந்தயப் படகுகளின் இரைச்சலில் திமிங்கிலம் திசை தடுமாறிக் கரைக்கு மிக அருகே வந்துவிடும். கடல் வற்றும். திமிங்கிலம் மணலில் கிடக்கும். நத்தை "கடலுக்குப் போ, சீக்கிரம்" என்று கத்தும். பெரிய உடம்பு நகராது. இதற்குச் சில தாள்கள் முன்னால்தான், வானத்தையும் கடலையும் பார்த்துப் பார்த்து, "நான் எவ்வளவு சின்னவள்" என்று நத்தை திமிங்கிலத்திடம் சொல்லியிருக்கும். அந்த வரியை அங்கே போட்டுவைத்தது இந்தத் தாளுக்காக. அதுவரை நத்தைக்கு உதவியாக இருந்த பெரிய உடம்பு இப்போது திமிங்கிலத்துக்கே எமன். ஒன்றுக்கும் உதவாதது போலிருந்த சின்ன உடம்போ, எந்தக் கதவிடுக்கிலும் நுழையக்கூடியது.

மலையகப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தைச் சொல்லும்போது ஒரு சிக்கல் வரும். கடல் வற்றி ஏறுவது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தது நீர்த்தேக்கம் வற்றுவது. வரட்சிக் காலத்தில் மவுசாக்கலையில் தண்ணீர் இறங்கினால், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் இடிபாடுகள் வெளியே தெரியும். அது கிழமைக் கணக்கில் இறங்கும், மழை வந்தால்தான் ஏறும். எனவே "தண்ணீர் வற்றிவிட்டது" என்றதும், அடுத்த மழைவரை திமிங்கிலம் அங்கேயே கிடக்கப்போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பின்னால் தண்ணீர் திரும்பி வரும்போது மந்திரம் போலத் தோன்றும். கதை கெட்டுவிடும். முன்கூட்டியே ஒரு வரி போதும்: கடல் ஆறு மணித்தியாலத்துக்கு இறங்கும், பிறகு ஆறு மணித்தியாலத்துக்கு ஏறும், தினமும். இலங்கையைச் சுற்றிய கடலில் இந்த ஏற்றஇறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், கரையோரப் பிள்ளைகளுக்கே இது பெரிதாகக் கண்ணில் படாது.

பின்னால், திமிங்கிலத்தைக் காப்பாற்ற ஊரார் குழி தோண்டித் தண்ணீர் பீய்ச்சும் காட்சி ஒன்று வரும். அது விளையாட்டுக்காக வரைந்ததல்ல. திமிங்கிலத்தின் தோலுக்கடியில் தடித்த கொழுப்பு இருக்கிறது. குளிர்ந்த கடலில் அது காப்பு; வெயிலில் மணல்மேல் கிடந்தால் உடம்புச் சூடு வெளியேற வழியில்லாமல் அதுவே உயிரை எடுக்கும். தோல் வெந்து கொப்புளிக்கும். தண்ணீர் தாங்காத உடம்பின் பாரம் அதன் நுரையீரலையே நசுக்கும். ஆகவே உடம்பை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், மூச்சுத்துளைக்குள் தண்ணீர் போகவிடக்கூடாது, வாலைப் பிடித்து இழுக்கக்கூடாது. 2020 நவம்பரில் பாணந்துறைக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, கடற்படையும் ஊர்மக்களும் இரவிரவாக நின்று அவற்றில் பெரும்பாலானவற்றைக் கடலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இந்தச் செய்தியைக் கதை முடிந்த பிறகு சொல்லுங்கள். நடுவில் சொன்னால் பிள்ளைகள் நத்தையை மறந்துவிடுவார்கள்.

இனி நத்தை எடுக்கும் முடிவு. அது ஊர்ந்து ஊர்ந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. டீச்சர் கையில் வெண்கட்டியோடு "நேரா இருங்க, பேசாதீங்க" என்று அதட்டிக்கொண்டிருக்கிறார். நத்தை கரும்பலகையில் ஏறித் தன் வெள்ளிக் கோட்டாலேயே திமிங்கிலத்தைக் காப்பாற்றச் சொல்லி எழுதுகிறது. டீச்சர் வெளிறிப்போக, முதலில் அந்தக் கோட்டைக் கவனிப்பவர்கள் பிள்ளைகள். முதல் தாளில் நத்தைகள் ஒட்டியிருந்த பாறையும் கறுப்பு, இந்தப் பலகையும் அதே கறுப்பு. மூலத்திலேயே இந்த ஒப்பு எழுதப்பட்டிருக்கிறது. திரும்ப முதல் தாளுக்குப் போய்ப் பாறையைக் காட்டி, மீண்டும் பலகைக்கு வரலாம். புத்தகத்தில் இதற்கு இரண்டு செக்கன் போதும். போனில் பின்னுக்குத் தள்ளித் தேடிப் பிடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும்.

இந்தத் தாளைத் திருப்புவதற்கு முன்னால்தான் வாசிப்பவர் வாயை மூட வேண்டும். திமிங்கிலம் மணலில், நத்தை ஊரத் தொடங்கிவிட்டது. அங்கே நிறுத்தி மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். யாராவது ஒரு பிள்ளை "ஆளுங்களக் கூட்டிட்டு வரப் போகுது" என்று சொல்லும். இன்னொன்று "நத்தைக்குத்தான் பேச வராதே" என்று மறுக்கும். இந்தச் சண்டைக்காகத்தான் இத்தனை தாளும். படத்தில் இந்த ஐந்து செக்கன் கிடைக்காது. இசை ஏறும், வெட்டு விழும், அடுத்த காட்சி வந்துவிடும். படம் எடுத்தவர்களின் குறையல்ல இது. ஓடுகிற எதற்கும் உள்ள இயல்பு. கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான்: புத்தகத்தில் நிறுத்தம் பிள்ளையின் கையில் இருக்கிறது.

கட்டைவிரலும் நாலு காம்பராவும்

கூனல்முதுகுத் திமிங்கிலம் ஒன்று வளர்ந்தால் 13 முதல் 16 மீற்றர் வரை இருக்கும். எண்ணாகச் சொன்னால் பிள்ளைக்குப் பயனில்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான பழைய லயங்களில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, 10க்கு 12 அடி. பன்னிரண்டடியாக நாலு காம்பரா சேர்ந்தால் 48 அடி, கிட்டத்தட்ட பதினான்கரை மீற்றர். ஆக, ஒரு திமிங்கிலம் நாலு வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு படுத்திருக்கும். லயத்து முன்வாசலில் வெண்கட்டியால் தலையிலிருந்து வால்வரை கோடு போட்டு, வால் நுனியில் ஒரு பிள்ளையின் கட்டைவிரலை வைக்கச் சொல்லுங்கள். அதுதான் நத்தை. வாலின் அகலம் உடம்பின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது பதினாறடி. இதையும் குறுக்கே போட்டுவிட்டால் புத்தகத்தைத் திறக்கும்போது அவர்கள் பார்ப்பது வேறு படமாக இருக்கும்.

நத்தை மலையகத்தில் பஞ்சமில்லாத சீவன். மழை விட்ட காலையில் கறுப்புக் காகித அட்டை ஒன்றில் விட்டுப் பார்த்தால் கோடு உடனே தெரியாது. காய்ந்த பிறகு, அட்டையை வெளிச்சத்துக்குச் சாய்த்தால்தான் வெள்ளியாக மின்னும். ஈர அட்டையில் ஒன்றுமே தெரியாது. பழைய சிலேட்டில் செய்தால் வெண்கட்டித் தூளை முதலில் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். தூள் காலில் ஒட்டினால் நத்தை கூட்டுக்குள் இழுத்துக்கொண்டு அசையாது. நத்தையின் வேகம் செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவுதான். மூன்று மீற்றர் நீளத்துக்கு எழுத்து எழுத ஏறத்தாழ ஐம்பது நிமிடம் ஆகும், திமிங்கிலம் பாவம். ஒரு எச்சரிக்கை: நத்தையைப் பிள்ளைகள் வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். எலியிலிருந்து நத்தைக்கு வரும் ஒருவகைப் புழு மனித மூளையைப் பாதிக்கக்கூடியது. ஈர்க்குச்சியால் தூக்கி வைத்து, முடிந்ததும் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

எது முதலில்?

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் புத்தகம் முதலில், அதுவும் ஒரு முறை அல்ல, வெவ்வேறு நாட்களில் மூன்று நான்கு முறை. பிறகு படம். பிறகு மறுபடி புத்தகம். படத்தை முதலில் பார்த்த பிள்ளை, புத்தகத்தை விரித்ததும் படத்தின் குரலில், படத்தின் வேகத்தில் ஒப்பிக்கத் தொடங்கும். தாளில் இல்லாததையும் சொல்லும். கடைசியாகப் புத்தகத்துக்குத் திரும்பும்போது அதே பழக்கம் நல்லதாகிவிடுகிறது. "படத்துல இருந்துச்சே, இங்க இல்ல" என்று பிள்ளை சொல்லும்போது அது ஒரே கதையின் இரண்டு வடிவங்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

வாசிக்கும்போது பதினைந்து பிள்ளைக்கு மேல் வேண்டாம். அரைவட்டமாக உட்கார வையுங்கள். வாசிப்பவருக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக்கூடாது, வெளிச்சம் தாளில் விழ வேண்டும். மூட்டம் போட்ட நாளில் குண்டு பல்பின் கீழ் பளபளப்புத் தாள் கண்ணாடி மாதிரி மின்னும். புத்தகத்தைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் போகும். ஆங்கில எதுகைச் சந்தத்தைத் தமிழில் கொண்டுவர மெனக்கெட வேண்டாம். மூலத்தில் வரிகள் "இதுதான்... இதுதான்..." என்று அடுக்கிக்கொண்டு போகின்றன. அந்த அடுக்கை மட்டும் வைத்துக்கொண்டு பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். இரண்டாம் முறை "இதுதான்" என்றதுமே பிள்ளைகள் மிச்சத்தைப் பிடித்துக்கொள்வார்கள். முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரியுது?" என்று கேட்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அடுத்த முறை புத்தகத்தை எடுத்ததுமே பிள்ளைகள் நழுவுவது அந்தக் கேள்விக்குப் பயந்துதான்.

மழையும் தாளும்

நம் பக்கத்தில் புத்தகத்துக்கு எதிரி பிள்ளைகள் அல்ல, ஈரம். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை, பதுளை, பசறை பக்கம் வருடக் கடைசியில், சுவரே வியர்க்கும். பளபளப்புத் தாள் ஈரமானால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் நத்தையின் முகம் அடுத்த தாளோடு போய்விடும். ஒட்டினால் இழுக்க வேண்டாம், விசிறியாக விரித்து நிழலில் காயவிட்டால் பாதி பிழைக்கும். வெளிச்சுவரை ஒட்டியோ சீமெந்துத் தரையிலோ வைக்காமல், நடுச்சுவரில் கயிறு கட்டித் தொங்கவிடுவது நல்லது. காற்றும் ஓடும், பிள்ளைக்கும் அட்டைப்படம் தெரியும். வாங்கும்போது முதுகில் பசை மட்டும் போட்டதைத் தவிர்த்து நூல் தையல் உள்ளதைப் பாருங்கள்.

விலைக்கு வழி என்ன என்றால், 2015இல் பிரதம் புக்ஸ் என்ற இந்தியப் பதிப்பகம் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரோடு அச்சிட்டுக்கொள்ள அனுமதியும் உண்டு. விலைகொடுத்து வாங்கிய புத்தகத்தைப் போட்டோ கொப்பி அடித்துப் பரப்ப அனுமதியில்லை. ஆனால் சொந்தக் கதையை முன்பள்ளியிலேயே புத்தகமாக்கலாம். மாட்டின் காலடியில் கிளம்பும் பூச்சிக்காகக் கூடவே நடக்கும் உண்ணிக்கொக்கு தோட்டத்தில் தினமும் கண்ணில் படுவதுதான். மாட்டையும் கொக்கையும் வைத்தே ஒரு கதை கட்டலாம்: மாடு சேற்றில் புதையும், கொக்கு உதவிக்கு ஆள் தேடிப் போகும்.

நாலு ஏ4 தாளை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் 16 பக்கம். வெளித்தாளின் ஒரு பக்கத்தில் 16உம் 1உம், அதன் மறுபக்கத்தில் 2உம் 15உம். அடுத்த தாளில் 14, 3, மறுபக்கம் 4, 13. மூன்றாவதில் 12, 5, மறுபக்கம் 6, 11. உள்தாளில் 10, 7, மறுபக்கம் 8, 9. வரைவதற்கு முன்பே பென்சிலால் இலக்கம் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை குழம்பும். இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரே பெரிய படம் பிசகாமல் வருவது 8, 9இல் மட்டும்தான், மற்ற இடங்களில் இரண்டு வேறு தாள்கள் சந்திப்பதால் மாட்டின் முதுகு மேலும் கீழுமாக நிற்கும். ஆகவே மாடு முழுதாகத் தெரியும் படம் நடுவில் வரட்டும். மாடு சேற்றில் புதைந்தது 11ஆம் பக்கத்தில், வலக்கைப் பக்கமாக இருக்கட்டும். கொக்கு யாரைக் கூட்டிவந்தது என்பது தாளைத் திருப்பிய பிறகு 12இல். ஸ்டேப்ளர் ஊசி ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளை அரித்துவிடும். மடிப்பில் மூன்று துளை போட்டு, நடுத்துளையில் தொடங்கி நடுத்துளையிலேயே முடிச்சுப் போடும்படி தடித்த நூலால் தைத்துவிடுங்கள்.